ரெஸ்பான்சிவ் நூல் அட்டை: திரைக்கேற்ப நெகிழும் வலைக்கூறு

வலைப்பக்கத்தில் ஒரே அமைப்பில் திரும்பத் திரும்ப வரும் சிறு பகுதியைக் கூறு அல்லது காம்போனென்ட் என்பர். செய்தித் தளத்தில் தலைப்பும் சுருக்கமும், கடைத் தளத்தில் பொருளின் படமும் விலையும், நூலகத் தளத்தில் நூலின் முகப்புப் படமும் பெயரும் இப்படி வருகின்றன. இவை பெரும்பாலும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்குவதால் 'கார்டு', அதாவது அட்டை, என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஓர் அட்டை 320 பிக்சல் அகலமுள்ள சிறிய கைபேசியிலும் 1920 பிக்சல் அகலமுள்ள மேசைக்கணினித் திரையிலும் சிரமமின்றிப் படிக்கும்படி இருந்தால் அதை ரெஸ்பான்சிவ் என்கிறோம். தமிழில் தகவமைவு வடிவமைப்பு என்றும் சொல்வதுண்டு.

ஃப்ரன்ட்-எண்ட் கற்கத் தொடங்குவோர் முதலில் செய்து பார்க்கும் பயிற்சிகளுள் இந்த அட்டையும் ஒன்று. எளிதாகத் தோன்றும், ஆனால் ரெஸ்பான்சிவ் வடிவமைப்பின் சிக்கல்கள் எல்லாமே இதற்குள் வந்துவிடும். இக்கட்டுரையில் ஒரு சிறு நூலகத்தின் நூற்பட்டியல் பக்கத்துக்கு அட்டை செய்வதாக வைத்துக்கொள்வோம். அதில் முகப்புப் படம், நூலின் பெயர், ஆசிரியர் பெயர், இரண்டு வரி அறிமுகம், 'முன்பதிவு செய்க' என்னும் இணைப்பு ஆகியவை இருக்கும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டிலும் அடிப்படை தெரிந்திருந்தால் போதும், ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை. பண்புகளின் பெயர்கள் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. கோப்பில் எழுதும்போது அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும்.

நான் செய்த முதல் அட்டையின் அகலம் 400 பிக்சல், உயரம் 220 பிக்சல். மடிக்கணினியில் அழகாக இருந்தது. நண்பர் ஒருவரின் கைபேசியில் திறந்தபோது முன்பதிவுப் பொத்தானின் பாதி திரைக்கு வெளியே போயிருந்தது. நூலின் பெயர் ஆசிரியர் பெயரின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதைச் சரிசெய்ய மீடியா குவரிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனேன். உண்மையில் செய்திருக்க வேண்டியது, அந்த 400ஐயும் 220ஐயும் நீக்குவதுதான்.

எச்டிஎம்எல் மட்டும் இருக்கும்போது

1991இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் வலைத்தளத்தில் சிஎஸ்எஸ் கிடையாது. சிஎஸ்எஸ் என்ற மொழியே அப்போது இல்லை. 1994இல்தான் ஹோகன் வியூம் லீ அதை முன்மொழிந்தார். அந்தப் பழைய பக்கத்தை இன்றைய உலாவியில் திறந்து சாளரத்தைக் குறுக்கினால் வரிகள் தாமாக மடிந்து கீழே இறங்கும். அகலத்துக்கேற்ப ஓடுவது வலைப்பக்கத்தின் பிறவிக் குணம். அந்தக் குணத்தைக் கெடுப்பது பிற்பாடு நாம் எழுதும் சிஎஸ்எஸ்தான். தாளில் அச்சிடுவதுபோல் எல்லாவற்றையும் ஓரிடத்தில் நிறுத்தப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை ஜான் ஆல்சாப் 2000ஆம் ஆண்டிலேயே 'எ லிஸ்ட் அபார்ட்' இணைய இதழில் விமர்சித்து எழுதினார். 2010 மே மாதம் அதே இதழில் ஈதன் மார்காட் எழுதிய கட்டுரையில்தான் 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்ற பெயர் பிறந்தது. நெகிழும் கட்டம், நெகிழும் படம், மீடியா குவரி என்ற மூன்றையும் சேர்த்து அவர் இந்தப் பெயரைக் கொடுத்தார். அதுவரை கைபேசிக்கென்று தனித் தளமே கட்டுவது பரவலான வழக்கமாக இருந்தது.

எனவே முதல் வேலை, சிஎஸ்எஸ் கோப்பைத் திறக்காமலேயே எச்டிஎம்எல்லை எழுதி முடிப்பது. ஒவ்வொரு நூலும் பட்டியலின் ஓர் உறுப்பு. ஆகவே வெளியே யுஎல், அதற்குள் எல்ஐ, அதற்குள் ஆர்ட்டிகிள். ஆர்ட்டிகிளுக்குள் படம் ஒரு பகுதி; பெயர், ஆசிரியர், அறிமுகம், இணைப்பு ஆகியவை ஒரு டிவ்வுக்குள் இன்னொரு பகுதி. நூலின் பெயருக்குத் தலைப்புக் குறிச்சொல்லான எச்3 தகும். எழுத்தைப் பெரிதாக்கவென்று எச்3 போடக்கூடாது. திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் செல்லவே அது உதவுகிறது. படத்தின் ஆல்ட் பண்பில் நூலின் பெயரை மறுபடியும் எழுதினால் திரைவாசிப்பான் அதே பெயரை இரண்டு முறை சொல்லும். பெயர் பக்கத்திலேயே எழுத்தாக இருப்பதால், இங்கே ஆல்ட்டை வெறுமையாக விடலாம். பண்பையே எழுதாமல் விடுவது வேறு, அது பிழை. பக்கத்தின் தொடக்கக் குறிச்சொல்லில் மொழி தமிழ் என்று குறிப்பிடவும் மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் திரைவாசிப்பான் எந்த மொழிக்குரலில் படிப்பது என்று தெரியாமல் தடுமாறக்கூடும்.

இப்போது பக்கத்தை உலாவியில் திறந்து சாளரத்தைக் குறுக்கிப் பாருங்கள். பெரிய படம் ஒன்றைத் தவிர எல்லாம் ஒழுங்காக மடியும்.

ஒரு வரி, அதை மறந்தால் எல்லாம் வீண்

2007இல் ஐபோன் வந்தபோது அதன் திரையின் அகலம் 320 பிக்சல். அன்றைய வலைப்பக்கங்களோ மேசைக்கணினிக்காகக் கட்டப்பட்டவை. அவற்றை அப்படியே காட்ட, சஃபாரி உலாவி ஓர் உத்தி செய்தது. திரை 980 பிக்சல் அகலம் என்று பாவித்துப் பக்கத்தை அடுக்கி, பிறகு முழுவதையும் சுருக்கிக் காட்டியது. மற்ற கைபேசி உலாவிகளும் இதே வழியைப் பின்பற்றின. இன்றும் நாம் வேறுவிதமாகச் சொல்லாதவரை அவை அப்படித்தான் நடந்துகொள்கின்றன.

வேறுவிதமாகச் சொல்வதற்கு உள்ளதுதான் ஹெட் பகுதியில் எழுதும் வியூபோர்ட் மெட்டா குறிச்சொல். 'விட்த்' என்பதற்கு 'டிவைஸ்-விட்த்', 'இனிஷியல்-ஸ்கேல்' என்பதற்கு 1 என்று அதில் தர வேண்டும். மீடியா குவரி சரியாக இருந்தும் கைபேசியில் அது வேலை செய்யவில்லை என்று தொடக்கநிலையினர் தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது, முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். குறிச்சொல் இல்லையென்றால் கைபேசி தன்னை 980 பிக்சல் திரை என்றே சொல்லிக்கொள்ளும். 480க்குக் கீழே என்ற நிபந்தனை எப்படி நிறைவேறும்?

சிலர் இதே குறிச்சொல்லில் பயனர் விரல்களால் பெரிதாக்க முடியாதபடி தடையும் சேர்த்துவிடுவார்கள். வடிவமைப்பு கலையாமல் இருக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கண்பார்வை மங்கியவர் படிக்க முடியாமல் போவதற்கு இது ஈடாகாது. சேர்க்காதீர்கள்.

பிக்சல் என்ற சொல்லையும் இங்கே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1080 பிக்சல் அகலம் என்று விளம்பரப்படுத்தப்படும் கைபேசி, சிஎஸ்எஸ் கணக்கில் பெரும்பாலும் 360 பிக்சல்தான். திரையின் மூன்று புள்ளிகள் சேர்ந்து ஒரு சிஎஸ்எஸ் பிக்சலின் அகலமாகின்றன. இக்கட்டுரையில் பிக்சல் என்பதெல்லாம் சிஎஸ்எஸ் பிக்சலே.

அகலத்துக்கு உச்சவரம்பு, உயரத்துக்கு ஒன்றும் வேண்டாம்

அட்டைக்கு 300 பிக்சல் அகலம், உட்புறம் இருபக்கமும் 20 பிக்சல் பேடிங், 1 பிக்சல் கோடு என்று எழுதினால் திரையில் அது எடுத்துக்கொள்ளும் இடம் 342 பிக்சல். சிஎஸ்எஸ்சின் இயல்பான கணக்கு அப்படி. 'பாக்ஸ்-சைசிங்' பண்பை 'பார்டர்-பாக்ஸ்' என்று மாற்றினால் பேடிங்கும் கோடும் 300க்குள்ளேயே அடங்கிவிடும். எல்லாக் கூறுகளுக்கும் பொதுவாகக் கோப்பின் தலையிலேயே இதை எழுதிவிடுவது நல்லது.

அடுத்து, அகலமே எழுத வேண்டாம். ஆர்ட்டிகிள் போன்ற குறிச்சொற்கள் கிடைக்கும் இடம் முழுவதையும் தாமே நிரப்பிக்கொள்ளும். மிகவும் விரிந்துவிடக்கூடாது என்றால் 'மேக்ஸ்-விட்த்' தந்தால் போதும். 'விட்த்: 400' என்றால் எப்போதும் 400, 'மேக்ஸ்-விட்த்: 400' என்றால் 400 வரை, இடமில்லையென்றால் குறைந்துகொள்ளும்.

உயரம் என்பதைக் கையால் தொடவே கூடாது. படத்தை வடிவமைப்பாளர் தரும் மாதிரியில் பார்க்கும்போது எல்லா அட்டைகளும் ஒரே உயரமாக இருக்கும். நாமும் அளந்து எழுதிவிடுவோம். மாதிரியில் நூலின் பெயர் 'தேவாரம்'. உண்மையான பட்டியலில் அடுத்த நூல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதற்கடுத்து 'மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்'. எழுத்து எத்தனை வரி ஓடும் என்பதை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. உயரத்தை ஓவர்ஃப்ளோ ஹிட்டன் என்று வெட்டிவிட்டால் இன்னும் மோசம். கீழே இருக்கும் முன்பதிவு இணைப்பு காணாமல் போய்விடும், அது காணாமல் போனதும் யாருக்கும் தெரியாது.

தமிழுக்கு வரி உயரம் தனிக் கவனம் கேட்கும். 'கீ', 'ம்' போன்றவற்றில் மேலே விசிறியும் புள்ளியும், 'கூ', 'ஞூ' போன்றவற்றில் கீழே வளைவும் வருகின்றன. ஆங்கிலத் தலைப்புகளுக்கு 1.1 அல்லது 1.2 என்று 'லைன்-ஹைட்' வைப்பார்கள். அதையே இரண்டு வரித் தமிழ்த் தலைப்புக்கு வைத்தால் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியை முட்டும். தலைப்புக்கு 1.4, அறிமுக வரிகளுக்கு 1.6 அல்லது 1.7 என்று தொடங்கி எழுத்துருவைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். அலகு போடாமல் வெறும் எண்ணாகத் தருவது அவசியம். 24 பிக்சல் என்று தந்தால் எழுத்து பெரிதாகும்போது வரி உயரம் கூட வராது.

படம்

படத்துக்கு 'மேக்ஸ்-விட்த்: 100 விழுக்காடு', 'ஹைட்: ஆட்டோ' என்ற இரண்டும் போதும், பெட்டியை விட்டுப் பிதுங்காது, விகிதமும் கெடாது. எச்டிஎம்எல்லில் படத்தின் உண்மையான அகலத்தையும் உயரத்தையும் எண்களாகத் தந்துவிட்டால், படம் வந்து சேருவதற்கு முன்பே உலாவி அதற்குரிய இடத்தை ஒதுக்கி வைக்கும். இல்லாவிட்டால் மெதுவான இணைப்பில், படிப்பவர் முன்பதிவு இணைப்பைத் தொடப் போகும் நேரத்தில் படம் வந்து விழுந்து எல்லாவற்றையும் கீழே தள்ளும். விரல் வேறெதையோ தொடும்.

எல்லா முகப்புகளும் ஒரே விகிதத்தில் தெரிய 'ஆஸ்பெக்ட்-ரேஷியோ' பண்பை 2/3 என்று வைக்கலாம். படம் அந்த விகிதத்தில் இல்லாதபோது என்ன செய்வது என்பதை 'ஆப்ஜெக்ட்-ஃபிட்' சொல்லும். பயிற்சிகளில் பெரும்பாலும் 'கவர்' என்றே எழுதச் சொல்வார்கள். அது ஓரங்களை வெட்டிப் பெட்டியை நிரப்பும். இயற்கைக் காட்சிக்கு அது சரி. நூல் முகப்பில் ஓரத்தை வெட்டினால் ஆசிரியர் பெயரே போய்விடலாம். இங்கே 'கன்டெய்ன்' பொருத்தம்; இரண்டு பக்கமும் கொஞ்சம் வெற்றிடம் தெரிந்தால் தெரியட்டும்.

நீளமான தமிழ்ச் சொல்

அட்டையில் இடம் அதிகம் இருக்கும்போது படத்தை இடப்பக்கமும் எழுத்தை வலப்பக்கமும் வைக்க விரும்புகிறோம். ஆர்ட்டிகிளுக்கு 'டிஸ்ப்ளே: ஃப்ளெக்ஸ்', இடையில் 1 ரெம் 'கேப்', படத்துக்கு நிலையாக 7 ரெம், எழுத்துப் பகுதிக்கு மீதி. ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு; பயனர் மாற்றாதவரை 16 பிக்சல். ஆக 7 ரெம் 112 பிக்சல்.

ஆங்கில நூற்பெயர்களை வைத்துச் சோதித்தால் இது நன்றாகவே வேலை செய்யும். 'திருவிளையாடற்புராணம்' என்று மாற்றிப் பாருங்கள். நடுவில் இடைவெளியே இல்லாத ஒற்றைச் சொல். எழுத்துப் பகுதி அந்தச் சொல்லைவிடக் குறுக மறுத்து அட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கைபேசியில் பக்கம் முழுவதும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். உலாவியின் பிழையென்று நினைக்கத் தோன்றும். பிழையில்லை. ஃப்ளெக்ஸ் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் 'மின்-விட்த்' இயல்பாகவே 'ஆட்டோ'. அதாவது உள்ளே இருக்கும் மிக நீண்ட, உடைக்க முடியாத துண்டைவிடச் சிறிதாகாதே என்பது விதி.

இதற்கு எழுத்துப் பகுதிக்கு 'மின்-விட்த்: 0' என்று தர வேண்டும். அப்போது பகுதி குறுகும். ஆனால் சொல் இன்னும் வெளியே வழியும். கூடவே 'ஓவர்ஃப்ளோ-ரேப்: பிரேக்-வேர்ட்' என்றும் எழுதினால், தனி வரியிலும் அடங்காத சொல் மட்டும் உடைந்து அடுத்த வரிக்கு வரும். இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு பண்பு 'வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்'. அது அடங்கும் சொல்லையும் விட்டுவைக்காமல் வரி முடியும் இடத்தில் எல்லாம் வெட்டிப் போடும். தமிழ்ப் பத்தி ஒன்றுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தால் படிக்கவே முடியாது.

உடைந்தாலும் எங்கே உடைகிறது என்பது உலாவிக்குத் தெரியாது. 'திருவிளையாடற்புரா' ஒரு வரி, 'ணம்' அடுத்த வரி என்றும் வரலாம். நாம் உதவலாம். 'திருவிளையாடற்' என்பதற்கும் 'புராணம்' என்பதற்கும் இடையில் டபிள்யூபிஆர் என்னும் குறிச்சொல்லை வைத்தால், தேவைப்பட்டால் இங்கே உடைத்துக்கொள் என்று அது உலாவிக்குச் சொல்லும். தேவையில்லாதபோது கண்ணுக்கே தெரியாது. ஒட்டுக்குறியும் போடாது. சொல் சேர்ந்த இடம் எது என்பதைத் தமிழ் அறிந்தவர்தான் காட்ட முடியும். நூற்றுக்கணக்கான நூல்கள் இருந்தால் எல்லாவற்றுக்கும் இதைச் செய்வது கடினம்தான். மிக நீண்ட பெயர்கள் பத்து இருபதுக்குச் செய்தாலே பட்டியலின் தோற்றம் மாறிவிடும்.

அட்டைகளை வரிசையாக அடுக்குதல்

யுஎல்லுக்கு 'டிஸ்ப்ளே: கிரிட்' தந்து, பத்திகளை 'ரிபீட்' என்னும் செயற்கூற்றால் வரையறுக்கலாம். அதற்குள் முதலில் 'ஆட்டோ-ஃபில்', அடுத்து 'மின்மேக்ஸ்' செயற்கூறு. மின்மேக்சுக்குள் 16 ரெம், 1 எஃப்ஆர். இடைவெளி 1 ரெம். இதன் பொருள்: ஒவ்வொரு பத்தியும் குறைந்தது 256 பிக்சல்; எத்தனை பத்தி அடங்குமோ அத்தனை வை; மிஞ்சுவதைச் சமமாகப் பங்கிடு. எந்தத் திரைக்கு எத்தனை பத்தி என்று நாம் எங்கும் எழுதவில்லை. 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் கிரிட்டை ஏற்றுக்கொண்டதற்குப் பிறகு இத்தகைய பட்டியல்களுக்கு மீடியா குவரி தேவைப்படுவது அரிது.

இரண்டு சிறு எச்சரிக்கைகள். 'ஆட்டோ-ஃபிட்' என்று ஒன்றும் உண்டு. அது வெறுமையான பத்திகளை மூடிவிடும். தேடலில் ஒரே ஒரு நூல் கிடைத்தால் அந்த அட்டை திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீண்டு நிற்கும். பட்டியலுக்கு ஆட்டோ-ஃபில்லே நல்லது. மற்றொன்று, 16க்குப் பதில் 22 ரெம் என்று வைத்தால் அது 352 பிக்சல். 320 பிக்சல் திரையில் வழியும். 22 ரெம் என்பதற்குப் பதிலாக 'மின்' செயற்கூற்றில் 100 விழுக்காடும் 22 ரெம்மும் தந்தால், இரண்டில் சிறியதை உலாவி எடுத்துக்கொள்ளும்.

யாருடைய அகலத்தைக் கேட்பது?

இந்தக் கிரிட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 360 பிக்சல் கைபேசியில் பக்கத்தின் இரு ஓரமும் 16 பிக்சல் விட்டால் மீதி 328. இரண்டு பத்திகளுக்கு இடமில்லை. அட்டையின் அகலம் 328. மடிக்கணினியில் பட்டியலுக்கு 1200 பிக்சல் கிடைக்கிறது என்றால் நான்கு பத்திகள், மூன்று இடைவெளிகள். 1200இலிருந்து 48 போக 1152, நான்கால் வகுத்தால் 288. ஆக, கைபேசியில் இருப்பதைவிட மடிக்கணினியில்தான் அட்டை ஒடுக்கமாக இருக்கிறது.

இப்போது வழக்கமான பாடத்தில் சொல்வதுபோல, திரை 480 பிக்சலுக்கு மேல் போனால் படத்தையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வை என்று மீடியா குவரி எழுதினால் என்ன ஆகும்? மடிக்கணினியில் அந்த நிபந்தனை நிறைவேறும். 288இல் உட்புறப் பேடிங் 32 போய், படத்துக்கு 112 போய், இடைவெளிக்கு 16 போய், எழுத்துக்கு மிஞ்சுவது 128 பிக்சல். அதில் தமிழ்த் தலைப்பு துண்டு துண்டாக இறங்கும். கைபேசியிலோ 328 பிக்சல் இருந்தும் படம் மேலே, எழுத்து கீழே. கேள்வி கேட்ட இடம் தவறு. அட்டைக்குத் தெரிய வேண்டியது திரையின் அகலம் அன்று, தனக்குக் கிடைத்த இடத்தின் அகலம்.

நெடுங்காலம் சிஎஸ்எஸ்சில் இந்தக் கேள்வியைக் கேட்க வழியில்லை. 2022 ஆகஸ்டில் குரோமும் அடுத்த மாதம் சஃபாரியும் 2023 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்சும் கன்டெய்னர் குவரியை ஏற்றுக்கொண்டன. எல்ஐக்கு 'கன்டெய்னர்-டைப்: இன்லைன்-சைஸ்' என்று தந்து அதைக் கொள்கலன் ஆக்க வேண்டும். பிறகு மீடியா என்று எழுதும் இடத்தில் கன்டெய்னர் என்று எழுதி, அகலம் 24 ரெம்முக்குக் குறையாதபோது ஆர்ட்டிகிளை ஃப்ளெக்ஸ் ஆக்கு எனலாம். கொள்கலன் தன் அகலத்தைப் பார்த்துத் தன்னையே மாற்றிக்கொள்ள முடியாது, உள்ளிருப்பதைத்தான் மாற்றலாம். எல்ஐ வெளியே, ஆர்ட்டிகிள் உள்ளே என்று முதலில் பிரித்து வைத்தது இங்கே கைகொடுக்கிறது.

இப்போது அதே அட்டையை முகப்புப் பக்கத்தில் 'இந்த வார நூல்' என்று 600 பிக்சல் இடத்தில் வைத்தால் அது படுக்கையாக விரியும். நான்கு பத்திப் பட்டியலில் நிமிர்ந்து நிற்கும். கூறு என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இதற்குப் பிறகுதான் வருகிறது என்பது என் எண்ணம். மீடியா குவரி பயனற்றுப் போகவில்லை. பக்கத்தின் மேற்பட்டை, பக்கப்பட்டை போன்ற பெரிய அமைப்புகளுக்கு அது வேண்டும். அங்கும் இன்ன கைபேசி மாதிரிக்கு இன்ன எண் என்று பட்டியல் வைத்துக்கொள்வதைவிட, சாளரத்தை மெல்ல இழுத்துக்கொண்டே போய், எங்கே பக்கம் அசிங்கமாகிறதோ அந்த எண்ணை எடுத்துக்கொள்வது மேல்.

எழுத்தளவும் தொடும் இடமும்

உலாவியின் அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அருகில் இருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்களின் கைபேசியை வாங்கிப் பார்த்தால் தெரியும். எழுத்தளவைப் பிக்சலில் எழுதினால் அந்த அமைப்பை நம் பக்கம் மதிக்காது. ரெம்மில் எழுதினால் மதிக்கும். இன்னொரு பயனும் உண்டு: அடிப்படை எழுத்தளவு 24 பிக்சல் ஆனால் கிரிட்டின் 16 ரெம்மும் 384 பிக்சல் ஆகும், பத்திகளின் எண்ணிக்கை தானாகக் குறைந்து பெரிய எழுத்துக்கு இடம் கொடுக்கும்.

தலைப்பு திரைக்கேற்ப வளர வேண்டுமானால் 'கிளாம்ப்' செயற்கூறு இருக்கிறது. குறைந்தது 1.1 ரெம், அதிகம் 1.5 ரெம், நடுவில் 0.9 ரெம்மோடு திரை அகலத்தில் 1 விழுக்காட்டைக் கூட்டிய அளவு என்று தரலாம். திரை அகலத்தை மட்டும் வைத்து எழுத்தளவு தராதீர்கள். உலாவியில் பெரிதாக்கினாலும் அந்த எழுத்து பெரிதாகாது.

முன்பதிவு இணைப்பு விரலால் தொடப்படுவது. 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 அணுகல்தன்மை வழிகாட்டி குறைந்த அளவாக 24க்கு 24 பிக்சல் என்கிறது. ஆப்பிள் தன் வடிவமைப்பு வழிகாட்டியில் 44 என்கிறது. பேடிங் சேர்த்து 44ஐ எட்டுவது பெரிய காரியமில்லை. சுட்டியை மேலே கொண்டுபோனால்தான் இணைப்பு தெரியும் என்ற அலங்காரம் வேண்டாம். தொடுதிரையில் 'மேலே கொண்டுபோவது' என்பதே இல்லை.

ஒரே வரிசையில் உள்ள அட்டைகளில் சில நூற்பெயர் ஒரு வரி, சில மூன்று வரி என்பதால் இணைப்புகள் மேலும் கீழுமாகத் தெரியும். எல்ஐக்குள் ஆர்ட்டிகிள் முழு உயரமும் நிற்கும்படி 'ஹைட்: 100 விழுக்காடு' தாருங்கள், உயரத்தைத் தொடாதே என்று சொன்னதற்கு இது விலக்கன்று, இங்கே எண்ணைக் கட்டவில்லை, கிரிட் தந்த உயரத்தை வாங்கிக்கொள்கிறோம். பிறகு நிமிர்ந்து நிற்கும் நிலையில் ஆர்ட்டிகிளையும் அதிலுள்ள எழுத்துப் பகுதியையும் நெடுக்கை ஃப்ளெக்ஸ் ஆக்கி, எழுத்துப் பகுதி மிஞ்சிய உயரத்தை எடுத்துக்கொள்ள 'ஃப்ளெக்ஸ்: 1' தந்து, இணைப்புக்கு 'மார்ஜின்-டாப்: ஆட்டோ' எழுதினால் அது எல்லா அட்டையிலும் அடியில் போய் நிற்கும்.

சோதிக்கும் முறை

உலாவியின் டெவலப்பர் கருவியில் அகலத்தை 320 வரை குறைத்துப் பாருங்கள். 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1இல் உள்ள 'ரீஃப்ளோ' விதி கேட்பதும் இந்த 320தான்: அந்த அகலத்தில் படிப்பதற்குப் பக்கவாட்டிலும் நகர்த்த வேண்டியிருக்கக் கூடாது. 1280 பிக்சல் திரையில் உலாவியை 400 விழுக்காடு பெரிதாக்கினாலும் கிடைப்பது இதே 320; ஆகவே கைபேசிக்காகச் செய்த வேலை, மேசைக்கணினியில் நான்கு மடங்கு பெரிதாக்கிப் படிப்பவருக்கும் போய்ச் சேருகிறது.

மாதிரித் தரவை வேண்டுமென்றே மோசமாக வையுங்கள். 'தேவாரம்' ஒன்று, 'திருவிளையாடற்புராணம்' ஒன்று, மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம் ஒன்று; படமே இல்லாத நூல் ஒன்று; ஆசிரியர் பெயர் தெரியாத பழைய நூல் ஒன்று; ஆறு வரி அறிமுகம் உள்ளது ஒன்று. உலாவியின் எழுத்தளவை 24க்கு ஏற்றுங்கள். கருவியில் தெரியும் கைபேசி வெறும் அகலக் கணக்குதான். விரலின் தடிமனையும் வெயிலில் மங்கும் திரையையும் அது காட்டாது. ஆகவே கடைசியாகப் பக்கத்தை ஓர் உண்மையான கைபேசியில், முடிந்தால் வீட்டில் இருப்பதிலேயே பழையதும் சிறியதுமானதில் திறந்து, வேறொருவர் கையில் கொடுத்து, ஒரு நூலை முன்பதிவு செய்யச் சொல்லிவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருங்கள்.